கருவி ‘இல்லை’ என்று சொன்னால்

1

போன வாரம் என் வேலை அனுமதி புதுப்பித்து வந்தது. இதற்கு முன் புதுப்பித்தபோதெல்லாம் மூன்று ஆண்டுகள் கொடுத்தார்கள். இந்த முறை ஒரே ஓர் ஆண்டு. திண்டுக்கல்லில் இருக்கும் அண்ணனிடம் போனில் இதைச் சொன்னதும் அவன் குரல் மாறிவிட்டது. வேலையில் ஏதாவது வம்பா, யாரையாவது எதிர்த்துப் பேசினாயா என்று கேட்டான். அதெல்லாம் இல்லை என்று சமாளித்தேன். பேசினேன் என்பதுதான் உண்மை. எதற்காகப் பேசினேன் என்பதைப் போனில் சொல்லி முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூருக்கு வந்தபோது மகள் ஆதிரைக்கு இரண்டு வயது. இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். கணவர் செல்வம் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பொறியாளர். அவருக்குத் தந்திருக்கும் அனுமதியில் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாது. ஆதிரை இங்கே இருப்பதற்கான அட்டை என் வேலை அனுமதி அட்டையோடு கட்டப்பட்டது. என் வேலை போனால் அவள் பள்ளிக்கூடமும் போகும். நிரந்தரவாசம் கேட்டு விண்ணப்பித்தோம். காரணம் சொல்லாமல் மறுத்தார்கள். மீண்டும் விண்ணப்பித்தோம், மீண்டும் அதே பதில், அதே வரிகள். பிறகு அதைப் பற்றி வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டோம்.

ஆதிரைக்கு இது ஓரளவு தெரியும். தெரியாதது போல் இருப்பாள். இந்தியாவுக்குப் போவதை ‘ஹாலிடே’ என்றுதான் சொல்வாள்.

2

என் வேலை என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு இத்தனை ஆண்டுகளில் சரியாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரண்டு வகைப் பொருள்களை மாற்றி மாற்றி மெல்லிய அடுக்குகளாகப் பூசுகிறோம். ஒவ்வோர் அடுக்கும் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அடுக்குகளின் கனத்தைச் சரியாகக் கணக்கிட்டு அமைத்தால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழும் ஒளி கண்ணாடிக்குள்ளும் திரும்ப முடியாமல், மேலே ஓடும் நீருக்குள்ளும் போக முடியாமல், இரண்டுக்கும் நடுவே மேற்பரப்பை ஒட்டியே அலையாக ஓடும். அந்தப் பரப்பில் ஏதாவது வந்து ஒட்டினால் கோணம் துளி நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் எவ்வளவு ஒட்டியது என்று தெரியும். பரப்பில் முன்கூட்டியே தூண்டில் போல ஒரு புரதத்தைப் பதித்து வைத்தால், டெங்குக் கிருமி இரத்தத்தில் விடும் புரதத்தை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். ஒரு சொட்டு இரத்தம் போதும்.

ஆதிரை ஒருமுறை தமிழ் வாய்மொழித் தேர்வில், “என் அம்மா தண்ணீருக்கு அடியில் வெளிச்சத்தை ஓட்டுவாங்க” என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியை சிரித்தாராம். நான் சிரிக்கவில்லை. கிட்டத்தட்ட சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

கல்லூரியில் நான் படித்த ஒளியியல் தொலைத்தொடர்புக்கானது. இந்தப் பக்கம் திரும்பியதற்குக் காரணம் ஜெயந்தி. விடுதியில் என் அறைத்தோழி. மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த ஆண்டு செய்தித்தாள்கள் அதை மர்மக் காய்ச்சல் என்று எழுதின. பெயர் தெரியாத எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். சில நாளில் காய்ச்சல் இறங்கியது. விடுதிக் காப்பாளர் வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்து, “விட்டிருச்சு, இனி பயமில்ல” என்றார். ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்தோம். இரண்டு வாய் சாப்பிட்டாள். மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம் என்பதை ரொம்பக் காலம் கழித்து, இங்கே வந்து, ஓர் ஆய்வுக் கட்டுரையில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் குழுவின் தலைவர் டாக்டர் லிம். அந்தக் கண்ணாடிச் சில்லின் மேல் புரதங்களைப் பதிக்கும் பொறுப்பு ஹமீதா அக்காவுடையது. அவர் குடும்பம் நான்கு தலைமுறையாக இங்கே இருக்கிறது. பாட்டனார் நாகூர்ப் பக்கத்திலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்தவர். எங்கள் கருவியை ஒரு மருத்துவமனையில் உண்மையான நோயாளிகளிடம் சோதிப்பதற்கு அனுமதி கேட்டிருந்தோம். அதற்கான ஆய்வுக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தேறினால் திட்டம் நீளும். திட்டம் நீண்டால் என் அனுமதி நீளும்.

ஆனால் கருவியில் ஒரு கோளாறு இருந்தது. இரத்தமே இல்லாமல், வெறும் உப்புநீரை ஓடவிட்டாலும் கோணத்தைக் காட்டும் கோடு திரையில் மெல்ல நகர்ந்தது. ஒரு சில்லில் மேலே ஏறியது, இன்னொன்றில் கீழே இறங்கியது. நிறையப் புரதம் இருக்கும் மாதிரிகளில் இந்த நகர்வு ஒரு பொருட்டில்லை. குறைவாக இருக்கும் மாதிரிகளில், ஒட்டியதால் நகர்ந்ததா தானாக நகர்ந்ததா என்று பிரிக்க முடியவில்லை. டாக்டர் லிம்முக்கு இரண்டு முறை மின்னஞ்சல் எழுதினேன். சராசரி எடுத்தால் சரியாகிவிடுகிறது, கூட்டத்தில் இதைக் கிளற வேண்டாம் என்று பதில் வந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். திட்டம் நின்றால் எங்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியவர் அவர்தான்.

3

கூட்டத்துக்கு முந்தைய வாரம், புதன்கிழமை மாலை, ஆதிரை சோபாவில் சுருண்டு படுத்திருந்தாள். எங்கள் அடுக்குமாடி பிளாக்கின் கீழே டெங்கு எச்சரிக்கையின் சிவப்புப் பதாகை தொங்கத் தொடங்கியிருந்த சமயம். “மா, கண்ணு டயர்டா இருக்கு” என்றாள். போனைக் கீழே வை என்றேன். சற்று நேரத்தில் உடம்பு கொதித்தது.

செல்வம் அப்போது ஊரில் இல்லை. பட்டறையில் கட்டி முடித்த கப்பலைக் கடலில் ஓட்டிச் சோதிப்பதற்காகப் போயிருந்தார். கரை தாண்டினால் அவர் போன் எடுக்காது.

வியாழக்கிழமை அண்ணன் அழைத்தான். நிலவேம்பு கொடுத்தாயா என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றதும் அண்ணி போனை வாங்கி, கஷாயம் வைக்கும் முறையைச் சொன்னாள். டெங்குவைக் கண்டுபிடிக்கும் கருவியை வடிவமைக்கிறவள், வேலை முடிந்து வீட்டுக்கு எதிர்த்திசையில் ரயில் ஏறி லிட்டில் இந்தியா போனேன். நாட்டு மருந்துக் கடையில் எனக்கு முன்னால் கட்டுமான வேலைக்காரர்கள் இரண்டு பேர் அதையே கேட்டு நின்றார்கள். கடைக்காரர் முகம் பார்க்காமலே, “வீட்ல எத்தனை பேருக்குக்கா?” என்றார். இந்த வாரம் வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் போலும். பொடியை வாங்கிக்கொண்டு சிராங்கூன் சாலையில் நடந்தபோது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஆனாலும் பையை இறுகப் பிடித்திருந்தேன். ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன் என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி.

ஆதிரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு மீதியைக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை அரசு மருத்துவ நிலையமான பாலிகிளினிக்குக்குப் போனோம். மருத்துவர் இளம்பெண். கண்ணுக்குப் பின்னால் வலி இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம், புதன்கிழமையிலிருந்து, கண்ணை அசைத்தாலே வலிக்கிறது என்று ஆதிரை ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள். நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னேன்லா. கண்ணு டயர்ட்னு.”

அவளிடம் இருந்த தமிழில் அது அவ்வளவுதான். வலி என்ற சொல் அவளுக்குத் தெரியும். உள்ளே, பின்னால், அழுத்துகிறது, குத்துகிறது என்று வலியைப் பிரித்துச் சொல்லும் தமிழ் அவளிடம் இல்லை. மருத்துவரிடம் அவள் பேசியதைக் கேட்டபோது, வீட்டில் இத்தனை ஆண்டுகளாக அவள் எனக்குச் சுருக்கமாக மட்டுமே பேசி வந்திருக்கிறாள் என்று தோன்றியது.

உடனடிச் சோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. இரத்தத் தட்டணுக்கள் சற்றுக் குறைவு, பயப்படும்படி இல்லை, திங்கட்கிழமை மறுபடி பார்ப்போம் என்றார்கள். விடாமல் வாந்தி, கடுமையான வயிற்றுவலி, இரத்தக் கசிவு எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள்.

4

சனிக்கிழமை காலை ஆதிரையின் நெற்றி குளிர்ந்திருந்தது.

கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் சாமிப் படத்துக்கு விளக்கேற்றியிருப்பாள். எனக்கு ஜெயந்தியின் தட்டில் மீந்திருந்த ரசம் சாதம் ஞாபகம் வந்தது.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஓகே என்றாள். வயிறு என்று கேட்டேன். “கொஞ்சம் அன்கம்ஃபர்டபிள்” என்றாள். ஆங்கிலத்திலேயே சொல், எவ்வளவு வலிக்கிறது என்றேன். தூங்க வேண்டும், விடும்மா என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒருமுறை வாந்தி எடுத்தாள். ஒருமுறைதான். அது ‘விடாமல்’ என்பதில் சேருமா? சோதனை டெங்கு இல்லை என்றது. மருத்துவர் திங்கட்கிழமை என்றார். காய்ச்சலும் இறங்கிவிட்டது. எல்லாம் நல்லதாகவே சொல்லின. நான் மட்டும் மறுபடி மறுபடி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

அப்போதுதான் ஆய்வகத்தில் இருக்கும் கருவி நினைவுக்கு வந்தது. பாலிகிளினிக் சோதனையால் பிடிக்க முடியாத அளவையும் அது பிடிக்கும்; அதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறோம். ஒரு சொட்டு இரத்தம். ஆனால் அனுமதி பெறாத கருவியில், ஒப்புதல் இல்லாமல், ஒரு சிறுமியின் இரத்தத்தைப் பார்த்து நோய் சொல்வது எங்கள் நிறுவனத்தில் மன்னிக்கப்படாத குற்றம். தெரிந்தால் அன்றே என் அட்டை போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஹமீதா அக்காவை அழைத்தேன். ஆய்வகத்தைத் திறந்து புரதம் பதித்த சில்லு ஒன்றை எடுத்துத் தர வேண்டும் என்றேன்.

தனியாக எங்கேயும் போகாதே, நான் வருகிறேன் என்று மட்டும் அக்கா சொன்னார். வாடகைக் கார் பிடித்து வந்துவிட்டார். உள்ளே போய் ஆதிரையின் பக்கத்தில் அமர்ந்து, கையைப் பிடித்துப் பார்த்தார். நகத்தை அழுத்திவிட்டு, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். பிறகு கூடத்துக்கு வந்தார்.

“நான் சில்லு எடுத்துத் தர்றேன். அதப் பத்தி எனக்கு ஒண்ணும் பயமில்ல. ஒண்ணு மட்டும் சொல்லு மதி. பாசிட்டிவ்னு வந்தா என்ன பண்ணுவ?”

“உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்.”

“நெகட்டிவ்னு வந்தா? வீட்டுலயே வெச்சிருப்பியா?”

திரையில் தானாக நகர்ந்துகொண்டிருக்கும் கோடு கண்முன் வந்தது. இல்லை என்று அது சொன்னால் நான் நம்பமாட்டேன். நான் கணக்கிட்ட அடுக்குகள், நான் தேர்ந்த கோணம், நான் எழுதிய நிரல். என் மகளின் இரத்தத்தை வைத்து அது இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

“நாலாவது நாள் அந்தப் புரதமே ரத்தத்துல கொறஞ்சிருக்கலாம்” என்றார் அக்கா. “நீ எப்படியும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகப்போற. அப்புறம் ஆய்வகத்துக்கு எதுக்கு? கார் கீழ நிக்குது. அனுப்பாமத்தான் வெச்சிருக்கேன்.”

ஆதிரையை எழுப்பினோம். வரமாட்டேன் என்றாள், கோபித்தாள். மின்தூக்கிக்குள் கால் மடங்கி என் மேல் சாய்ந்தாள். அதன் பிறகு கோபிக்கவில்லை.

5

அவசரப் பிரிவில் பதிவு செய்யும் இடத்தில் அட்டைகளைக் கேட்டார்கள். அவள் அட்டை, என் அட்டை, என் வேலையிடம், தந்தை எங்கே, ஏன் வரவில்லை. கப்பலில் இருக்கிறார் என்றேன். எந்தக் கப்பல் என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்குத் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. ஹமீதா அக்கா என்னை நகர்த்திவிட்டு முன்னால் போய் மலாயில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய் ஒரு தாதியை அழைத்து வந்தாள்.

இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை ஆதிரையின் கையில் இறுகித் தளர்ந்தது. தாதி எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி இறுக்கினார். பிறகு படுக்கையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார். அதன் பிறகு ஆட்கள் ஓடிவந்தார்கள்.

டெங்குதான். இரத்தத்திலிருக்கும் நீர் குழாய்களை விட்டுக் கசிந்து வயிற்றுக்குள் சேர்ந்துகொண்டிருந்தது. மாலைவரை விட்டிருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும் என்று மூத்த மருத்துவர் சொன்னார். அவர் அதைக் கடிந்து சொல்லவில்லை. நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்ற பொருளில்தான் சொன்னார். எனக்கு முதல் பாதி மட்டும் கேட்டது.

இரண்டு நாள் நரம்பில் நீர் ஏறியது. அதையும் அளந்துதான் கொடுத்தார்கள்; குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. செல்வம் கரை இறங்கியதும் பட்டறை உடுப்போடு நேரே ஓடி வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றார். ஆதிரை கண் விழித்துப் பார்த்து, “அப்பா, யூ ஸ்மெல்” என்றாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது.

6

ஆய்வுக் கூட்டத்துக்கு மருத்துவமனை வார்டிலிருந்து போனேன். விடுப்பு எடுக்கச் சொல்லி டாக்டர் லிம்மே சொன்னார். அவர் சொன்னது கரிசனத்தில்தான் என்று நம்புகிறேன். வருகிறேன் என்றேன்.

நீண்ட மேசை. எதிரே ஐந்தாறு பேர். டாக்டர் லிம் வரைபடங்களைக் காட்டினார். எல்லாம் உண்மையான வரைபடங்கள். எதுவும் பொய் இல்லை. எவ்வளவு நுண்ணிய அளவையும் பிடிக்கிறது என்று சொன்னபோது தலைகள் அசைந்தன. ஓரத்தில் உட்கார்ந்திருந்த தொற்றுநோய் மருத்துவர் ஒருவர், வடிவமைப்பாளரிடம் ஒரு கேள்வி என்று என் பக்கம் திரும்பினார். ஒரு குழந்தை காய்ச்சல் இறங்கிய நிலையில் வருகிறது, உங்கள் கருவி நெகட்டிவ் என்கிறது. அந்தக் குழந்தையை நான் வீட்டுக்கு அனுப்பலாமா?

அவருக்கு என் வீட்டு விஷயம் தெரிய வாய்ப்பே இல்லை. எந்த மருத்துவரும் கேட்கக்கூடிய கேள்விதான்.

டாக்டர் லிம் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். என் அட்டையும் ஆதிரையின் அட்டையும் என் வாயில் இருப்பது போல் இருந்தது.

அனுப்பக் கூடாது என்றேன். உப்புநீரில் கோடு நகர்வதைச் சொன்னேன். மேலடுக்கு பஞ்சு போல நுண்துளைகளோடு இருக்கலாம், நீர் மெதுவாக உள்ளே ஊறுவதால் நகர்கிறது என்பது என் சந்தேகம், இன்னும் உறுதியில்லை என்றேன். கோடு பெரிதாக நகர்ந்து, இருக்கிறது என்று கருவி சொன்னால் நம்பலாம். இல்லை என்று சொன்னால் இன்றைய நிலையில் நம்ப முடியாது என்றேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் நன்றி சொன்னார். கூட்டம் முடிந்தது.

வெளியே நடைபாதையில் டாக்டர் லிம், “என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொன்னேன், இரண்டு முறை என்றேன். அவர் தலையசைத்தார். நான் மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியிறங்கி வார்டுக்குப் போனேன்.

7

நோயாளிகளிடம் சோதிக்கும் திட்டம் தள்ளிப்போனது. கோளாறைச் சரிசெய்ய ஓர் ஆண்டு தந்தார்கள். என் அட்டையும் அந்த ஓர் ஆண்டோடு நிற்கிறது. அதன் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. செல்வத்திடம் சொன்னபோது, சரி, பார்ப்போம் என்றார். ஆதிரையிடம் இந்த முறை மறைக்கவில்லை. நாம் திரும்பிப் போக வேண்டிவந்தாலும் வரலாம் என்று சொன்னேன். அங்கே எந்தப் பள்ளியில் சேர்ப்பீர்கள், தமிழில் எல்லாப் பாடமும் எழுத வேண்டுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியவில்லை என்று நான் சொன்னதுதான் அவளை அழவைத்தது. அவள் இன்னும் மெலிந்துதான் இருக்கிறாள். முடி கொட்டுகிறது. டெங்குவுக்குப் பின் அப்படித்தான் ஆகும், வளர்ந்துவிடும் என்கிறார்கள்.

டாக்டர் லிம் பல நாள் என்னிடம் பேசவில்லை. ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது. வணக்கமும் இல்லை, விளக்கமும் இல்லை. துளை விழாமல் இறுக்கமாகப் பூசும் இயந்திரம் இன்னொரு கூடத்தில் இருக்கிறது, அதில் உனக்கு நேரம் வாங்கியிருக்கிறேன் என்று ஒரே ஒரு வரி. அந்த இயந்திரத்துக்கு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அவர் யாரிடமோ போய்க் கேட்டிருக்க வேண்டும்.

அடுக்குகளை மறுபடி கணக்கிட்டேன். மேலடுக்கைக் கெட்டியாக்கினேன். ஒவ்வொரு சில்லிலும் தூண்டில் புரதம் பதிக்காத, திரவம் ஓடும் இன்னொரு பாதையையும் சேர்த்தேன். வெப்பத்தாலோ நீராலோ கோடு நகர்ந்தால் இரண்டு பாதைகளிலும் சேர்ந்தே நகரும், கழித்துவிடலாம்.

நேற்றுக் காலை முதல் சில்லைப் பொருத்தி உப்புநீரை ஓடவிட்டோம். நானும் ஹமீதா அக்காவும் திரைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தோம். கோடு இடப்பக்கத்திலிருந்து கிளம்பியது. ஏறப்போகிறது என்று பார்த்தேன். ஏறவில்லை. இறங்கப்போகிறது என்று பார்த்தேன். இறங்கவில்லை. பக்கத்து மேசையில் வேலை செய்தவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லையே என்று போய்விட்டார்கள். மதியமாகிவிட்டது. அக்கா எழுந்து கைப்பையை எடுத்தார்.

“சாப்பிடப் போலாமா? அது எங்கயும் போகாது.”

“நீங்க போங்கக்கா. நான் இன்னும் கொஞ்சம் பார்த்துட்டு வர்றேன்.”

அவர் பையை மேசையில் வைத்துவிட்டு மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றுமே நடக்காமல் இருப்பதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.